கூண்டுக்குப் பின்னால் ஒரு நுண்ணோக்கி

(மூன்றாம் ஆண்டு, இளமறிவியல் விலங்கியல்)

உயிரியல் பூங்காவில் வேலை பார்ப்பவர்கள் யார் யார் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் மூன்று பேரைச் சொல்வோம். தீனி போட்டுக் கூண்டைக் கழுவும் காப்பாளர் ஒருவர். நோய் வந்தால் ஊசி போடும் கால்நடை மருத்துவர் ஒருவர். வாயிலில் சீட்டுக் கிழிப்பவர் ஒருவர். நான்காவதாக ஒருவர் இருக்கிறார். பார்வையாளர் நடமாடும் பாதையில் அவரைக் காண முடியாது. மருத்துவமனைக் கட்டடத்தின் ஓர் அறையில், ஒரு நுண்ணோக்கிக்கு முன்னால், முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருப்பார். ஆய்வுக்கூட நுட்புநர் என்று அவருக்குப் பெயர். பேச்சு வழக்கில் லேப் டெக்னீஷியன். அந்த முக்காலி காலியாக இருக்கும் பூங்கா, எத்துணை அழகான பூங்காவாக இருந்தாலும், கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் பூங்கா என்பது என் கருத்து. விலங்கியல் படிக்கும் நாம்கூட அந்த வேலையைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை என்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

அவருடைய வேலை காலையில் கூண்டு கழுவப்படுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கழுவிவிட்டால் அன்றைய சான்று சாக்கடையோடு போய்விடும். தமிழ் வளமான மொழி என்று மேடைதோறும் முழங்குகிறோமே, அதற்கு மேடையில் யாரும் காட்டாத ஒரு சான்று உண்டு. மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்கும் மானுக்கும் பிழுக்கை, யானைக்கு லத்தி, கழுதைக்கு விட்டை, பறவைக்கு எச்சம் என்று ஒவ்வொன்றின் கழிவுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறோம். இவை அனைத்தும் அவர் மேசைக்கு வந்து சேர்கின்றன. எந்த விலங்கு, எந்தக் கூண்டு, எந்தத் தேதி, எத்தனை மணி என்று ஒவ்வொரு குப்பியிலும் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். சீட்டு மாறினால் நோயுள்ள விலங்கு மருந்தின்றி நிற்கும். நோயில்லாத விலங்கு மருந்து குடிக்கும்.

சோதனை முறை எளிமையானது. சிறிதளவு மாதிரியை உப்புக் கரைசலில் கரைக்க வேண்டும். இனி உப்புக் கரையாது என்னும் அளவுக்குச் செறிவான கரைசல் அது. வடிகட்டிக் குழாயில் விளிம்பு வரை ஊற்றி, மேலே ஒரு கண்ணாடிச் சில்லை வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தால், புழுக்களின் முட்டைகள் கரைசலைவிட எடை குறைந்தவையாதலால் மிதந்து வந்து சில்லில் ஒட்டிக்கொள்ளும். தட்டைப்புழுக்களில் சிலவற்றின் முட்டைகள் கனமானவை, அவை மிதவா. அவற்றுக்குப் படிய வைக்கும் முறை வேறாக உண்டு. பிறகு கட்டம் போட்ட கண்ணாடியில் எண்ணி, ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று கணக்கிட வேண்டும். முட்டை இருக்கிறதா என்பதோடு கேள்வி முடிவதில்லை. சென்ற மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா, மருந்து கொடுத்த பின் குறைந்ததா என்பதே மருத்துவருக்குத் தேவை. ஒரு வருடத்துப் பதிவேடு இல்லாமல் ஒரு நாளைய எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை.

இயந்திரம் போல் செய்துவிடலாம் போலத் தோன்றும் இந்த வேலையில் ஒரு பொறி இருக்கிறது. சிங்கத்தின் மலத்தில் மாட்டுக்குரிய புழுவின் முட்டை தென்படலாம். சிங்கத்துக்கு அந்த நோய் இல்லை. அது தின்ற மாட்டிறைச்சியோடும் குடலோடும் வந்த முட்டை, செரிக்காமல் அப்படியே கடந்து போகிறது. இதை அறியாதவர் சிங்கத்துக்கு மருந்தெழுதச் சொல்வார். அறிந்தவர் இறைச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரையே நான் நுட்புநர் என்பேன்.

இரத்தம் வேறொரு பாடம். மனிதனின் இரத்தத்தை மட்டும் சோதிக்கும் மருத்துவமனை நுட்புநருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே இனம். பூங்காவில் காலையில் புலி, நண்பகலில் மயில், மாலையில் மலைப்பாம்பு. பாலூட்டிகளின் சிவப்பணுவில் உட்கரு இல்லை. பறவைகளுக்கும் ஊர்வனவற்றுக்கும் உண்டு. ஒட்டகத்தின் சிவப்பணு மட்டும் பாலூட்டியாயினும் நீள்வட்டமானது. இவற்றையெல்லாம் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்து, தேர்வில் கொட்டி, விடுமுறையில் மறந்தோம். அந்தப் பாடம் பூங்காவில் சோறு போடும் அறிவாகிறது. எவ்வாறு எனில், இரத்த அணுக்களை எண்ணும் நவீன இயந்திரங்கள் பாலூட்டியின் இரத்தத்தை நம்பி அமைக்கப்பட்டவை. மயிலின் இரத்தத்தைக் கொடுத்தால், உட்கருவோடு கூடிய சிவப்பணுவையும் வெள்ளணுவையும் பிரித்தறியாமல் அது தடுமாறும். அங்கே இன்றளவும் மனிதக் கண்தான் எண்ணுகிறது. கட்டம் போட்ட கண்ணாடியில், கட்டம் கட்டமாக. இலட்சங்கள் கொடுத்து வாங்கிய இயந்திரம் பக்கத்தில் சும்மா இருக்க, முக்காலியில் இருப்பவர் எண்ணிக்கொண்டிருப்பார்.

எடுக்கும் இரத்தம் ஒவ்வொரு துளியும் அரியது. புலியிடம் கை நீட்டச் சொல்ல முடியாது. நெருக்கும் கூண்டில் நிறுத்தி வாலின் நரம்பிலிருந்து எடுக்க வேண்டும். அல்லது மயக்க மருந்து கொடுக்க வேண்டும். மயக்கம் கொடுப்பதில் ஆபத்து உண்டாகையால், பல் நோவுக்கோ காயத்துக்கோ மயக்கம் கொடுக்கும் போதே இரத்தமும் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வாய்ப்பு ஆண்டுகள் கழித்தே வரலாம். அந்தத் துளி வெயிலில் இருந்து அணுக்கள் உடைந்துபோனால், குழாயில் உறைதல் தடுப்பானைக் கலக்க மறந்தால், கண்ணாடித் தகட்டில் தடவியது தடிப்பாகப் போனால், போனது போனதுதான். ஊசி குத்தியவர் பெயர் செய்தித்தாளில் வரலாம். தகட்டை மெல்லியதாக இழுத்து, மெத்தனாலில் நிலைநிறுத்தி, ஜீம்சா சாயமிட்டு, மணிக்கணக்கில் பார்த்தவர் பெயர் வராது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். இதுதான் எனக்கு மிகவும் வியப்பூட்டியது. காலையில் நன்றாக மேய்ந்த மான் மாலையில் திடீரென்று செத்துக் கிடக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த இரத்தம் உறையாமல் வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே அறுத்துப் பார்த்தால் காரணம் தெரியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அறுக்கக் கூடாது. அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸாக இருந்தால், உடலைத் திறந்து காற்றுப் பட்ட மாத்திரத்தில் கிருமிகள் வித்துகளாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அந்த மண்ணில் மேயும் விலங்குக்கும் ஆபத்து. அறுத்த மனிதனுக்கும் ஆபத்து. ஆகவே முதலில் காதின் நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம், ஒரு தகடு, நீலச் சாயம். இளஞ்சிவப்புப் போர்வை போர்த்திய நீலக் குச்சிகள் தெரிகின்றனவா என்று ஒருவர் பார்த்துச் சொல்லும் வரையில் மருத்துவரின் கத்தி உறையில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் இல்லாத பூங்காவில் என்ன நடக்கும்? ஒன்று, தெரியாமல் அறுப்பார்கள். அல்லது அறுக்காமல் புதைத்துவிட்டுக் காரணம் தெரியவில்லை என்று எழுதுவார்கள்.

நம் நாட்டிலேயே நடந்ததற்கு வருவோம். ஒடிசா மாநிலத்தில் புவனேசுவரம் அருகே நந்தன்கானன் என்ற புகழ்பெற்ற பூங்கா இருக்கிறது. வெள்ளைப் புலிகளுக்குப் பேர்பெற்றது. 2000-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் மாண்டன. அவற்றில் பெரும்பாலானவை வெள்ளைப் புலிகள். கொன்றது டிரிப்பனசோமா என்னும் ஒற்றையணு ஒட்டுண்ணி. கடிக்கும் ஈக்கள் அதைப் பரப்பும்; நோயுற்ற கால்நடையின் பச்சை இறைச்சி வழியாகவும் அது புலிக்கு வரக்கூடும். இது ஏதோ புதிதாக வந்த கிருமியா? இல்லை. கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் 1880-இல், அன்றைய பஞ்சாபில், நோயுற்ற குதிரைகள், ஒட்டகங்களின் இரத்தத்தில் நெளிந்துகொண்டிருந்த இதே கிருமியை நுண்ணோக்கியில் கண்டு உலகுக்குச் சொன்னார். நூற்றிருபது ஆண்டுகளாகத் தெரிந்த கிருமி; ஒரு துளி இரத்தமும் சாதாரண நுண்ணோக்கியும் இருந்தால் கண்ணுக்கு அகப்படும் கிருமி. எனினும், நோய் இன்னதென்று தெரிந்து மருந்து செலுத்தும் வேளையில் காலம் கடந்துவிட்டிருந்தது. யார் பொறுப்பு என்ற வாதத்துக்குள் நான் புகவில்லை. காட்டு விலங்கு நோயை மறைக்கும் இயல்புடையது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். காட்டில் தளர்ச்சியைக் காட்டிய விலங்கு பிழைத்ததில்லை. ஆகவே புலி படுத்துவிட்ட பின் தொடங்கும் சோதனை பெரும்பாலும் பிந்திய சோதனை; புலி நன்றாக இருக்கும் நாளில் செய்யும் சோதனைதான் சோதனை.

நமக்கு இன்னும் அருகில் வண்டலூர். 1855-இல் எட்வர்டு பால்ஃபர் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிதான் பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் பெயர்ந்து, 1985-இல் ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக வண்டலூரில் திறக்கப்பட்டது. பால்ஃபரே ஓர் அறுவை மருத்துவர் என்பது பலர் அறியாத செய்தி. அந்தப் பூங்காவில் 2021-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், நாம் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்த இரண்டாம் அலையின் போது, சிங்கங்கள் சில உணவில் நாட்டமின்றி இருமத் தொடங்கின. பதினொரு சிங்கங்களின் மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்குநோய் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. ஜூன் 3-ஆம் நாள் முடிவு வந்தது: ஒன்பது சிங்கங்களுக்குக் கொரோனா. அதே நாள் மாலை நீலா என்ற ஒன்பது வயதுப் பெண்சிங்கம் இறந்தது. ஜூன் 16-ஆம் நாள் பத்மநாதன் என்ற பன்னிரண்டு வயது ஆண்சிங்கமும் இறந்தது. நான்கு மாதிரிகளின் மரபுத் தொகுதியை ஆராய்ந்து, நான்கும் டெல்டா வகையே என்று போபால் அறிவித்தது.

அப்போது பூங்கா விலங்குகளுக்கு இந்தச் சோதனையைச் செய்ய அனுமதி பெற்றிருந்த நிறுவனங்கள் நாடு முழுவதற்கும் நான்கு. போபால், ஹிசார், பரேலி, ஹைதராபாத். தமிழ்நாட்டில் ஒன்றும் இல்லை. உயர்பாதுகாப்புக் கூடம் வேண்டிய சோதனையை ஒவ்வொரு பூங்காவும் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது நடவாது. ஆனால் போபாலில் உள்ள இயந்திரம் எத்துணைச் சிறந்ததானாலும், வண்டலூரில் பஞ்சுக்குச்சியைச் சரியாகத் தோய்த்து, சரியான திரவத்தில் இட்டு, மூன்று உறையிட்டு, பனிக்கட்டியில் வைத்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கெடாமல் போய்ச் சேரும்படி அனுப்பிய கைகளை நம்பித்தான் அது இருக்கிறது. அந்தக் கோடையில், அந்த முழுக்கவச உடையில், அக்கைகள் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். நீலாவின் பெயர் நாடெங்கும் தெரிந்தது, தெரிய வேண்டியதுதான். மீதிச் சிங்கங்கள் பிழைத்தெழுந்த நாட்களில் இரத்தமும் மலமும் சளியும் மாறிமாறிச் சோதித்தவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆரணிக்காரர்களுக்கு இதெல்லாம் அயலான செய்தி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நுண்ணோக்கிக்கு முன் குனிந்திருக்கும் ஒருவரை நம்பித்தான் நம் ஊர்த் தறிகள் ஓடுகின்றன. 1865-ஆம் ஆண்டு, பிரான்சின் தென்பகுதியில் பட்டுப்புழுக்கள் பெப்ரைன் என்னும் நோயால் கூட்டம் கூட்டமாக மடிந்தன. பட்டையே நம்பியிருந்த ஊர்கள் பாழாயின. அதுவரை பட்டுப்புழுவைக் கையில் தொட்டும் பார்த்திராத லூயி பாஸ்டரை அரசு அங்கே அனுப்பிற்று. ஐந்தாண்டு உழைத்து அவர் கண்ட வழி இதுதான்: முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார், நோய்த் துகள் தெரிந்தால் அதன் முட்டைகளை எரித்துவிடு, தெரியாவிட்டால் மட்டுமே முட்டையை வளர்க்கக் கொடு. இன்றும் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களில் தாய் அந்துப்பூச்சியைச் சோதித்துத்தான் நோயற்ற முட்டைத் தொகுதிகள் விவசாயிக்குப் போகின்றன. அங்கே குனிந்திருப்பவர் ஒரு நாள் கவனக்குறைவாக இருந்தால், மல்பெரி விவசாயியின் தட்டில் புழு சாகும், கூடு குறையும், கூடு குறைந்தால் நூல் விலை ஏறும், நூல் விலை ஏறினால் நம் தெருவில் எத்தனை தறி நிற்கும் என்பதை நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் இதுவன்று. பாவு ஏற்றிய நாளில் எந்த நெசவாளியும் அந்த நுட்புநரை நினைப்பதில்லை. முகூர்த்தப் புடவை வாங்குகிறவரும் நினைப்பதில்லை. அவர் தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்பதற்கு அதுவே அடையாளம் போலும்!

கழிவைத் தொட்டுப் பார்க்கும் வேலையா என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கும் பட்டே விடை சொல்லும். பட்டு என்பது ஒரு புழுவின் வாயிலிருந்து ஒழுகும் நீர். கூட்டை வேகவைக்கும் இடத்தில் வரும் நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர் அதை மறக்க மாட்டார். அதைத்தான் மணவறையில் உடுத்துகிறோம். வேலைகளைத் தூயவை, தூய்மையற்றவை என்று பிரித்து மனிதர்களையும் அவ்வாறே பிரித்து வைத்த பழைய நோயின் எச்சம்தான் இந்த முகச்சுளிப்பு. அறிவியல் மாணவனிடம் அது இருக்கலாகாது.

இனி, என் கருத்தோடு மாறுபடுகிறவர்கள் சொல்லும் நியாயங்களையும் பார்க்க வேண்டும். விடுதியில் இதைப் பற்றிப் பேசியபோது மூன்று மறுப்புகள் வந்தன.

சென்னையில் 1903-இலேயே தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1989 முதல் தனிப் பல்கலைக்கழகமும் இருக்கிறது, மாதிரியை அங்கே அனுப்பினால் போதாதா என்றார் ஒரு நண்பர். வண்டலூருக்கு இது ஓரளவு பொருந்தும். வனத்துறையின் ஆய்வு நிறுவனமும் அங்கேயே இயங்குகிறது. ஆனால் நம் ஊரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போனால் ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி இருக்கிறதே, அது போன்ற சிறு பூங்காக்களை எண்ணுங்கள். மான் பிழுக்கையை இந்த வெயிலில் ஒரு நாள் வைத்திருந்தால் முட்டைகள் பொரித்துப் புழுக்குஞ்சுகளாகிவிடும், எண்ணிக்கை பொய்யாகும். சில ஒற்றையணு உயிரிகள் சூடாக இருக்கும்போதுதான் நகரும். ஆறிவிட்டால் அழுக்கோடு அழுக்காகிவிடும். அதைவிட முக்கியமானது ஒன்று: செத்த விலங்கின் மாதிரியைச் சென்னைக்கு அனுப்புவார்கள், நோயுற்றதன் மாதிரியையும் அனுப்பலாம், நன்றாக ஓடியாடும் மானின் பிழுக்கையை எடுத்துக்கொண்டு யார் பேருந்து ஏறுவார்கள்? மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992 முதல் செயல்படுகிறது. பெரிய, நடுத்தரப் பூங்காக்களில் முழு வசதியுள்ள மருத்துவமனையும் அடிப்படை நோயறி வசதியும் இருக்க வேண்டும் என்பது விதி. சிறு பூங்காவுக்கோ ஒரு சிகிச்சை அறை இருந்தாலே போதும். விதியை நான் குறை கூறவில்லை. ஆனால் வசதி என்பது நுண்ணோக்கியோடு முடிகிறதா? நுண்ணோக்கிக்குக் கண் இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆள் போதாதபோது சிங்கத்துக்கும் மானுக்கும் நுட்புநரா என்றார் இன்னொருவர். இந்த மறுப்புக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். சளிப் பரிசோதனைக்குக் காத்திருக்கும் ஏழையின் முன் நின்று புலியைப் பற்றிப் பேசுவது எளிதன்று. ஆயினும் இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு 1999-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நடந்தது சான்று. அந்தக் கோடையில் அந்நகரில் மக்கள் சிலர் மூளைக் காய்ச்சலால் விழுந்தனர். செயின்ட் லூயி மூளைக் காய்ச்சல் என்று நாட்டின் நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. அதே நாட்களில் தெருவில் காகங்கள் செத்து விழுந்தன. பிராங்க்ஸ் பூங்காவில் பூநாரைகள் முதலான பறவைகள் செத்தன. அப்பூங்காவின் நோயியல் மருத்துவர் டிரேசி மெக்நமாரா தம் மேசையில் இருந்த தகடுகளைப் பார்த்துவிட்டு இது பொருந்தவில்லை என்றார். செயின்ட் லூயி நோய் பறவைகளைக் கொல்வதில்லை. குதிரைகளைத் தாக்கும் மற்றொரு மூளைக் காய்ச்சலோ என்றால், அதற்கு எளிதில் இரையாகும் ஈமுக்கள் பூங்காவில் நலமாக நின்றன. அப்படியானால் இது வேறு ஏதோ. அவர் விடாமல் மாதிரிகளை ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார். செப்டம்பர் இறுதியில் உண்மை தெரிந்தது: மேற்கு நைல் வைரஸ், அமெரிக்கக் கண்டத்தில் அதற்கு முன் ஒருபோதும் காணப்படாதது. அந்த ஆண்டு நியூயார்க்கில் ஏழு பேர் அந்நோய்க்குப் பலியாயினர். மனிதரின் நோயை மனித மருத்துவமனைக்கு முன்பாகப் பூங்காவின் ஆய்வுமேசை ஐயுற்றது. 2020 ஏப்ரலில் அதே பூங்காவில் நாடியா என்ற புலிக்குக் கொரோனா உறுதியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது; மனிதரிடமிருந்து புலிக்குப் போன நோய் அது. காசநோயும் அவ்வாறே யானைக்கும் பாகனுக்கும் இடையில் போய்வரக்கூடியது. விலங்குகளைப் பராமரிக்கும் ஊழியரை இரண்டாண்டுக்கு ஒரு முறையேனும் மருத்துவ ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும் என்று பூங்கா விதிகளே கூறுவது இதனால்தான்.

மூன்றாவது மறுப்பு அடியோடு வெட்டுவது: பூங்காவே வேண்டாம், விலங்கைக் காட்டில் விடுங்கள் என்பது. கேட்க இனிமையாக இருக்கிறது. கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்த சிங்கத்தை எந்தக் காட்டில் விடுவது என்பதை அந்த நண்பர் சொல்லவில்லை. பூங்காக்கள் வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் நூறாண்டு வாதாடலாம். அதுவரை உள்ளே இருப்பதற்கு யார் பொறுப்பு? காட்டு விலங்கு தனக்கு ஒவ்வாத இடத்தைவிட்டு விலகிப் போகும். புழு நிறைந்த புல்லை விட்டுவிட்டு அடுத்த மேய்ச்சலுக்குப் போகும். நாம் அடைத்து வைத்த மான் அதே நான்கு சுவருக்குள் அதே மண்ணில் மேய்கிறது. அதன் புழு அதனிடமே திரும்பி வருகிறது. அடைத்தவன் பார்க்கத்தான் வேண்டும்.

இப்படி எல்லாம் சொல்லிவிட்டு அந்த வேலைக்கு எப்படிப் போவது என்று கேட்டால், உறுதியான விடை சொல்ல முடியவில்லை என்பதே வேதனை. மருத்துவமனை ஆய்வுக்கூடத்துக்குப் பட்டயப் படிப்புகள் பல ஊர்களில் உண்டு. அவை மனித இரத்தத்தையே கற்பிக்கின்றன. நாமோ மூன்றாண்டு விலங்கியல் படித்தும் ஒரு பறவையின் இரத்தத் தகட்டைச் சாயமிட்டு எண்ணியதில்லை. புழு முட்டைகளைப் படத்தில் வரைந்து பெயர் குறித்திருக்கிறோம், உப்பு நீரில் மிதக்கவிட்டுப் பார்த்ததில்லை. வேலையும் பல இடங்களில் ஒப்பந்த வேலை, திட்டம் முடிந்தால் முடிந்துபோகும் வேலை. பதிவேடு தொடர்ந்தால்தான் பயன் என்று மேலே சொன்னேன். ஆண்டுக்கு ஒருவர் மாறும் மேசையில் பதிவேடு எவ்வாறு தொடரும்? இந்த விலங்குக்கு இதுவே இயல்பான அளவு என்று கண்ணால் கற்றவர் போய்விட்டால், அடுத்து வருபவர் முதலிலிருந்து கற்க வேண்டும். அரிய இனங்களுக்கு இயல்பு அளவு சொல்லும் பாடநூல் எளிதில் கிடைப்பதில்லை. அந்தப் பூங்காவின் பழைய நோட்டுப் புத்தகமே பாடநூல். ஆகவே நிரந்தரப் பணியிடம் என்று நான் கேட்பது சம்பளத்துக்காக மட்டுமன்று. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், பார்மலின் புகை வெளியேறக் காற்றோட்டமுள்ள அறையும் அந்தப் பணியிடத்தோடு சேர்ந்து வர வேண்டியவை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். நம் துறை செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. அதற்குச் செலவு ஒரு கிலோ உப்பும் சில கண்ணாடிச் சில்லுகளும்தான். ஆரணியில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பஞ்சமில்லை. வாரம் ஒரு செய்முறை வகுப்பில் பத்து ஆடுகளின் பிழுக்கையைச் சோதித்து, மாதந்தோறும் எண்ணிக்கை எழுதி வந்தால், ஆட்டுக்காரருக்கு எப்போது குடற்புழு மருந்து கொடுக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு நமக்கு ஒரு பதிவேடு சேரும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று நம் கண்ணாலேயே பார்ப்போம். எங்கள் பேராசிரியர்கள் இதைத் தடை செய்ய மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆய்வக உதவியாளர் அண்ணன்தான் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

இரண்டாவது, ஆண்டுதோறும் வண்டலூருக்குப் போகும் கல்விச் சுற்றுலா. காஞ்சிபுரம் வழியாகப் பேருந்தில் பாடிக்கொண்டே போய், வெள்ளைப் புலி முன் படம் எடுத்து, சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்து, மாலையில் திரும்பிவிடுகிறோம். அதில் ஒரு மணி நேரத்தை மருத்துவமனைப் பக்கத்துக்கு ஒதுக்க முன்கூட்டியே அனுமதி கேட்டால் என்ன? எல்லோரையும் உள்ளே விட மாட்டார்கள். நோய்த்தடுப்பு கருதி விடவும் கூடாது. நால்வர் ஐவரை விட்டால் போதும். அல்லது அந்த நுட்புநரே வெளியே வந்து மரத்தடியில் நின்று அரை மணி நேரம் பேசினாலும் போதும். பூங்கா இயக்குநர் அவர்களுக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன். துறைத் தலைவர் கையொப்பமிட்டால் இந்தப் பருவத்திலேயே தபாலில் சேர்த்துவிடலாம்.